மாப்பிள்ளைக்கு மூச்சு நின்றது

அந்தப் பொம்மைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. பொருத்தமான பெயர்தான். நாள் முழுக்கக் காலை நீட்டிப் படுத்திருப்பான். நாலு பேர் சுற்றி நின்று பணிவிடை செய்ய வேண்டும். அப்படியும் முகத்தில் ஒரு திருப்தி இருக்காது. செவிலியர் கல்லூரியின் பயிற்சி அறையில் கட்டிலே கதியென்று கிடந்த அவனுக்கு மூச்சு உண்டு, நாடி உண்டு, இமையும் கொட்டும். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆசிரியை மைக்கில் பேசினால் அவன் வாயிலிருந்து குரல் வரும். மாணவர்கள் அவனிடம் பேசுவதைக் கேட்டு ஒரு கம்ப்யூட்டர் மதிப்பெண் போடும். பெயர் கேட்டார்களா, செய்யப் போவதை விளக்கினார்களா, சம்மதம் வாங்கினார்களா என்று எல்லாம் பார்க்கும்.

இந்தப் பேச்சில்தான் சித்தப்பா கவிழ்ந்தார்.

சித்தப்பா என்பது வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர். மீசை முளைக்காத பிள்ளைகளுக்கு நடுவே தலை நரைத்த ஒருவர் வந்து உட்கார்ந்தால் வேறென்னவென்று கூப்பிடுவார்கள்? வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். மனைவி பக்கவாதத்தில் விழுந்ததும் வேனை விற்றுவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தார். அவள் போன பிறகு, கைக்குப் பழகிவிட்ட வேலையை முறையாகப் படித்துவிடலாமே என்று சேர்ந்தார். ஊசி போடுவதிலும் ஆளை நோகாமல் புரட்டிப் படுக்க வைப்பதிலும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் மாப்பிள்ளையின் அருகே போனால் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். முதல் இரண்டு தேர்விலும் பேச்சுக்கு முட்டை. மூன்றாவதிலும் தவறினால் அந்த ஆண்டை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

"ரப்பர்கிட்ட பேசக் கூச்சமாப்பா உனக்கு?" என்று மகள் கேட்டாள். தானே சோபாவில் மல்லாந்து படுத்துப் பயிற்சி கொடுத்தாள். "ஐயோ, வலிக்குதே! யாருய்யா நீ, ஊசிய வச்சுக்கிட்டு முழிக்கிற?"

"நான் உங்க நர்ஸும்மா."

"மூஞ்சியப் பாத்தா வாடகை கேக்க வந்த ஆள் மாதிரி இருக்கு. கொஞ்சம் சிரிச்சாதான் என்ன?"

அவளிடம் சிரிப்பும் வந்தது, பேச்சும் வந்தது. பதிலுக்குப் பதில் கொடுக்கிற வாய் ஆயிற்றே. கூச்சம் என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். வாய் திறக்க முடியாமல் படுத்திருந்த மனைவியிடம் அவர் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமா? குழாயில் தண்ணீர் வராதது, மகளின் பரீட்சை, மாடி வீட்டுக்காரரின் குறட்டை என்று ஒன்று விடாமல் சொல்வார். அவள் கண்ணால் சிரிப்பாள். ஒரு காலையில் குறட்டைக் கதையின் பாதியில் நிமிர்ந்து பார்த்தார். கேட்டுக்கொண்டிருந்தவள் இல்லை. அதற்குப் பிறகு, கட்டிலில் அசையாமல் கிடக்கும் உருவத்தைக் கண்டாலே நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

தேர்வன்று வாசலில் வகுப்பின் வாயாடிப் பெண் தைரியம் சொன்னாள். "நம்ம வீட்டு மாப்பிள்ளைன்னு நெனச்சுப் பேசுங்க சித்தப்பா."

"வீட்டு மாப்பிள்ளைன்னா இன்னும் பயமால்ல இருக்கும்!"

உள்ளே போனார். ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். கையைக் கழுவினார். "வணக்கம்," என்றார். அதற்கு மேல் ஒரு சொல் எழும்பவில்லை. பேசாமல் மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தார்.

நாடி துடித்தது. துடித்துக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது. மேலும் கீழும் அசைந்த மார்பு அடங்கியது. மானிட்டர் கறுத்தது.

வேறு யாராக இருந்தாலும் கையைத் தூக்கி, "மேடம், ஹேங் ஆயிடுச்சு," என்றிருப்பார்கள். சித்தப்பாவுக்கு அது தோன்றவே இல்லை.

"ஐயா! ஐயா, கேக்குதா?" தோளைத் தட்டினார். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். "யாராவது ஓடி வாங்க! மூச்சு நின்னுபோச்சு!" நெஞ்சின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அமுக்கத் தொடங்கினார். வாய் அதுபாட்டுக்குத் திறந்துகொண்டது. "போயிடாதீங்க ஐயா. இன்னும் பேருகூடக் கேக்கலையே நான். நெஞ்ச அமுக்குறேன், வலிக்கும், பல்லக் கடிச்சுப் பொறுத்துக்குங்க. வீட்ல எதிர்பார்த்துக்கிட்டு இருப்பாங்கல்ல?"

பொம்மையைப் பழுது பார்க்கும் மெக்கானிக் தொந்தியும் ஸ்க்ரூடிரைவருமாக ஓடி வந்தார். "சார், ஒயரு…"

"ஒயரு கெடக்கட்டும்ண்ணே! ஷாக் மெஷின எடுத்துட்டு வரச் சொல்லுங்க! எனக்குக் கை ஓயுது, நீங்க அமுக்குங்க!"

அவர் போட்ட சத்தத்தில் மெக்கானிக் கருவியைக் கீழே போட்டுவிட்டு அமுக்கலானார்.

"முழங்கைய மடக்காதீங்கண்ணே! ஐயா, பயப்படாதீங்க. அண்ணன் புதுசு, ஆனா பலசாலி."

ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். சிரித்து வந்த கண்ணீரா, வேறா என்று சொல்வது கஷ்டம். "போதும், விடுங்க! நின்னது கம்ப்யூட்டர். மாப்பிள்ள கல்லு மாதிரி இருக்காரு."

"நாடி இல்லையே மேடம்!"

"கரண்ட்ல ஓடுற நாடிங்க அது."

வாசலில் கூடியிருந்த பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். மூச்சிரைக்க நின்ற மெக்கானிக்கைப் பார்த்ததும் சித்தப்பாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து ஓய்ந்த பிறகுதான் நினைப்பு வந்தது. "அப்ப என் மார்க்கு?"

"கம்ப்யூட்டர் நின்னதுக்கப்புறம்தான் நீங்க வாயவே தொறந்தீங்க. வணக்கத்துக்கு மேல ஒரு வார்த்தை பதிவாகல. முதல்லேர்ந்து செய்யணும். நாளைக்கு வர்றீங்களா?"

சித்தப்பா கட்டிலைப் பார்த்தார். "இப்பவே செஞ்சுடறேன் மேடம்."

மெக்கானிக் ஒயரைச் சொருகினார். ஆசிரியை கண்ணாடிக்குப் பின்னால் போனார். மாப்பிள்ளை இமை கொட்டினான். கலைந்திருந்த போர்வையைச் சித்தப்பா இழுத்துச் சரிசெய்தார்.

"வணக்கம் ஐயா. நான்தான் உங்க நர்ஸ். உங்க பேரைச் சொல்லுங்க."

"பேரு இருக்கட்டும் தம்பி. என் நெஞ்செல்லாம் எதுக்கு இப்படி வலிக்குது?"

"அது பெரிய கதைங்க. ஊசி போட்டுக்கிட்டே சொல்றேன். கையக் குடுங்க. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். போடலாமா?"

"போடுங்க. கதையும் சொல்லுங்க."

ஊசி முதல் குத்தில் ஏறியது. ட்ரிப்ஸ் சொட்டியது. பேச்சுக்கு முழு மதிப்பெண் விழுந்தது. கதைதான் முடியவில்லை. மெக்கானிக்கின் தொந்தி வரைக்குமே வந்திருந்தது. அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று சொல்ல, ஆசிரியை அறையின் விளக்கை அணைத்து அணைத்துப் போட வேண்டியிருந்தது.