பச்சை ஸ்டிக்கர்

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குக் கழுகுக்கண்ணி என்று பட்டப்பெயர். கருப்பை வாயில் தடவி எடுத்த செல்களை ஸ்லைடில் பார்த்து, புற்றுநோயின் அறிகுறி உண்டா இல்லையா என்று எழுதுவது வேலை. பதினான்கு வருடமாக ஒரே நாற்காலி.

கூடம் எத்தனை தப்பு விடுகிறது என்று அளக்க, வருடத்துக்கொரு முறை மேலிடத்திலிருந்து விடை தெரிந்த பத்து ஸ்லைடுகள் வரும். மற்றவற்றோடு அடையாளம் தெரியாமல் கலந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. திருப்பி அனுப்பும்போது தொலைந்துவிடக் கூடாதே என்று எந்தப் புண்ணியவானோ அவற்றில் மட்டும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவைத்தான். தெரியாத மாதிரி இருப்பதுதான் அங்கே மரியாதை. பச்சைக்குக் கால் மணி நேரம், மிச்சத்துக்கு மூன்று நிமிடம். போன வருடமும் பிழை பூஜ்யம் என்று சான்றிதழ் வந்தது. தலைமை மருத்துவர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்.

இந்த வருடம் அவளுடைய அக்காவுக்குப் புற்றுநோய். முற்றிவிட்டது. போன வருடம்தான் குறையில்லை என்று இதே கூடம் எழுதிக் கொடுத்திருந்தது.

தங்கை அக்காவின் பழைய ரசீதை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். ரசீது எண்ணை வைத்து அலமாரியைக் குடைந்து பழைய ஸ்லைடை எடுத்தாள். இடது ஓரத்திலேயே இருந்தன, கறுத்துப் பெருத்த உட்கருக்களோடு ஏழெட்டு செல்கள். நேற்றுச் சேர்ந்தவள்கூட விட்டிருக்க மாட்டாள். பதிவேட்டில் அவளுடைய சொந்தக் கையெழுத்து. பச்சை ஸ்டிக்கர் வந்த அதே தேதி. காலை முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பத்தைப் பார்த்தவள், மதியத்துக்கு மேல் எண்பதைத் தள்ளியிருந்தாள். ஸ்லைடில் எண் மட்டும்தான், பெயர் கிடையாது.

தலைமை மருத்துவரிடம் போய்ச் சொன்னாள்.

"அது சோதனை ஸ்லைடு இல்லையேம்மா. பிழைக் கணக்குல வராது."

"அப்ப எதுதான் சார் வரும்?"

அவர் சுவரைப் பார்த்தார். அவளுக்கு அந்தச் சான்றிதழை உடைக்க வேண்டும் போலிருந்தது. உடைக்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மாமா வேற எடத்துல குடுக்கலாம்னாரு. நான்தான், என் தங்கச்சி இருக்கிற எடம், ஒண்ணும் தப்பாதுன்னு அங்க குடுத்தேன். யாருடி பாத்தது? புதுசா வந்தவங்களா?"

"நான்தான்க்கா."

அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எவ்வளவு நேரம் பாத்த?"

"மூணு நிமிஷம்."

அக்கா கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.