மாடு சொன்ன சேதி

வேதவல்லியும் அவள் புருஷன் தணிகாசலமும் நேருக்கு நேர் பேசி ஒரு வருஷமாகிறது. எதுவானாலும் கொட்டகை மாட்டிடம்தான். “சோறு ஆறிக்கினு கீதுன்னு சொல்லு” என்பாள் அவள். “பசிக்கலன்னு சொல்லு” என்பான் அவன்.

அவள் அண்ணன் இருவரையும் உத்திரமேரூருக்கு இழுத்துப்போய் கவுன்சலிங் அம்மாவின் முன் உட்கார வைத்தான். இருவரும் அந்த அம்மாவிடமே மாறி மாறிக் குறை சொன்னார்கள். “எங்கிட்ட ஏன் சொல்றீங்க? ஒருத்தருக்கொருத்தர் சொல்லுங்க” என்று அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டாள். அப்புறம் இருவர் வாயிலும் கொழுக்கட்டை. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று வேதவல்லிக்கு எரிந்தது.

சாயங்காலம் தணிகாசலம் வழக்கம்போல மாட்டருகே போனான். “அவ காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல. துன்னச் சொல்லு.”

வைக்கோலை உதறிக்கொண்டிருந்த வேதவல்லி நிமிர்ந்தாள்.

“மாட்ட இன்னாத்துக்குத் தொந்தரவு பண்ற? நான் இங்கதான கீறேன்.”