ஹில்யா தூங்கிவிட்டாள்

வடகோடிப் பனிக்கடலோரம், ஊலு நகரத்து மென்பொருள் அலுவலகத்தில் அன்று காலை ஒரே பேச்சுதான். கப்பல்களுக்கு அனுப்பும் மென்பொருளின் மையமான கெர்னலில், பிழை தேடும் 'டீபக்' வரிகளை விட்டுவைப்பதா, அவற்றின் வாயை அடைத்து அனுப்புவதா? நிரல் எழுதுகிறவன் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளத் தனக்காகப் போட்டுக்கொள்ளும் வரிகள் அவை. வாடிக்கையாளர் கண்ணில் அவை பட வேண்டாம் என்பது ஹில்யாவின் கட்சி. அவுலிஸ் விடுவானா? நடுக்கடல் பனியில் ஏதாவது நின்றுபோனால் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது என்று எகிறினான். உள்ளே நடப்பதை மறைக்கிறவர்களுக்குத்தான் பயம் என்று ஒரு குத்தும் வைத்தான். ஹில்யா தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பல வருஷமாகப் பக்கத்து மேசைக்காரி; அவன் வாய்க்கொழுப்பு அவளுக்குப் பழகிப்போனதுதான்.

காபி நேரத்தில், பனியுடைக்கும் கப்பல் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஹில்யா எடுத்து, எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஹில்யா இன்னிக்கும் தூங்கிட்டா," என்றார் கப்பலின் இன்ஜினியர். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"யாரு?"

"உங்க கெர்னல்ல இருக்கறவதான். திரையில வருதே, 'ஹில்யா மறுபடியும் தூங்கிட்டா, அவ சரக்கு அவ்வளவுதான்'னு. பம்ப் நின்னாலே நாங்க இப்பல்லாம் ஹில்யான்னுதான் சொல்றோம். ஆமா, பேசறது யாரு?"

"ஹில்யா," என்றாள் அவள்.

சிரிப்பு நின்றது. இன்ஜினியர் தடுமாறி மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டிய அவுலிஸோ காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுதிய நிரல் பகுதி தாமதமான எரிச்சலில், இலையுதிர் காலத்தில் அவன் எழுதிய வரி அது. அனுப்பும் முன் அழித்துவிடலாம் என்று நினைத்திருந்தான், மறந்தே போனான். அவுலிஸுக்குக் காது மடல் வரை எரிந்தது. எழுதியதற்கு வெட்கம். அவள் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாமல் கெர்னலுக்குள் ஒளித்து வைத்ததற்கு அதைவிட வெட்கம்.

அழைப்பு முடிந்ததும், யாரும் கேட்காமலே சொன்னான்:

"நீ சொன்னதுதான் சரி. அந்த வரி எல்லாத்தையும் அடைச்சுடலாம்."

"வேணாம், அவுலிஸ். விட்டுவைப்போம்," என்றாள் ஹில்யா. குரலில் கோபம்கூட இல்லை. "அந்த வரி வரலேன்னா, உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

பம்ப் கோளாறைப் பார்க்க அவள் தன் மேசைக்குப் போனாள். அதற்குப் பக்கத்து மேசை அவனுடையதுதான். அங்கே போய் உட்கார அவுலிஸுக்குக் கால் வரவில்லை.