இரண்டாவது வளையம்

கீழிருந்து மேலாகப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வந்தவள் கடைசிப் பொத்தானில் நின்றாள். தம்பியின் கழுத்தைச் சுற்றி ஒரு கோடு இருந்தது. குரல்வளைக்குக் கீழே, ஒரே சீராக. நேற்று ஆஸ்பத்திரியில் சிவப்பாக இருந்தது. இப்போது பழுப்பாகியிருந்தது.

கடைசிப் பொத்தானையும் போட்டாள். காலர் கோட்டை மூடியது.

"சட்டை சரியா இருக்காக்கா?" கதவோரம் நின்ற நெட்டை கேட்டான். தம்பியோடு பதினோரு வருடம் ஏரியில் இறங்கியவன். வீட்டுக்குள் வரும்போது எப்போதும் தலை குனிந்து வருவான். இன்று இடித்துக்கொண்டான்.

"இருக்கு."

சட்டை அவளுடைய கடையிலிருந்து வந்தது. நேற்றுக் காலை தம்பி அங்கேதான் உடை மாற்றினான். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, தண்ணீர் புகாத டிரை சூட்டோடு வேனில் ஏறினான். இன்று அதை எடுக்கப் போனபோது கதவுக்குப் பின்னால் அவனுடைய பழைய வெட் சூட் தொங்கிக்கொண்டிருந்தது. பல வருடம் ஒரே உடம்பு நுழைந்து வந்த ரப்பர். முழங்கை மடிந்தே இருந்தது. முழங்கால் மடிந்தே இருந்தது. கதவு திறந்த காற்றில் அது பாதி திரும்பியது.

"இருடா, வரேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு உடை கொடுப்பது, கிழிந்ததை ஒட்டுவது அவள் தொழில். யார் வந்தாலும் முதலில் தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேட்பாள். பிறகு, எவ்வளவு நேரம் உள்ளே இருப்பீர்கள் என்று. வெட் சூட் தண்ணீரை உள்ளே விடும். உடம்புதான் அதைச் சூடாக்க வேண்டும். பத்து டிகிரிக்குக் கீழே உடம்பு தோற்றுவிடும். டிரை சூட்டில் சொட்டு நுழையாது. மணிக்கட்டையும் கழுத்தையும் ரப்பர் பிடித்துக்கொள்ளும். கழுத்து ரப்பர் புதிதில் புனல் மாதிரி குறுகலாக இருக்கும். அதில் வளையம் வளையமாகக் கோடுகள். ஆளின் கழுத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொரு வளையமாக வெட்ட வேண்டும். கூடுதலாக வெட்டினால் தண்ணீர் ஏறும். குறைவாக வெட்டினால் கழுத்தின் பக்கவாட்டில் அழுத்தும், நெஞ்சு துடிப்பைக் குறைத்துக்கொள்ளும், ஆள் மயங்கிவிடுவான். வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்புவாள்.

ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில், ஏரிக்கடியில் கம்பி வலையில் சேரும் குப்பையை அள்ளுவது தம்பியின் வேலை. போன குளிர்காலத்தில் அவனுடைய வெட் சூட் அக்குளில் பிரிந்துவிட்டது. உதடு நீலமாகக் கரைக்கு வந்தான். இரண்டு மணி நேரம் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அவள்தான் ஊட்டினாள். அன்றே முடிவு செய்துவிட்டாள், அடுத்த குளிருக்கு டிரை சூட் என்று.

"எனக்கு ஈரம் பழகிடுச்சுக்கா. இதப் போட்டா என்னைப் பொட்டலம் கட்டின மாதிரி இருக்கு."

"பொட்டலமாவே போயிட்டு வா."

செவ்வாய்க்கிழமை முக்காலியில் உட்காரவைத்து முதல் வளையத்தை வெட்டினாள். அவன் தலையை நுழைத்துப் பார்த்தான். ரப்பர் கழுத்தில் 'பட்'டென்று விழுந்தது.

"இன்னொண்ணு வெட்டு."

"ஒரு விரல் போகுதுல்ல?"

"உன் சுண்டு விரல் போகுது. அதெல்லாம் ஒரு விரலா?"

"போடப் போடத் தளரும்டா."

"அதுக்குள்ள நான் தளந்துடுவேன்." கண்ணைச் செருகி நாக்கைத் தொங்கப்போட்டான். முப்பத்தெட்டு வயது. அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது. ரெண்டு வாரம் பாரு. அப்புறம் சொல்லு."

கத்தரிக்கோலை டிராயரில் போட்டுப் பூட்டினாள். அவன் வெட்டிவிடுவான் என்று தெரியும்.

அது செவ்வாய். இன்று வெள்ளி.

நெட்டை கட்டிலருகே வந்து நின்றான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டில் சட்டத்தில் வைத்தான்.

"எறங்கி இருபது நிமிஷம் நல்லாத்தான் இருந்தான். கிண்டல் வேற. பெரிய பிளாஸ்டிக் வாளி ஒண்ணு சிக்கியிருந்துச்சு. அதத் தூக்கி எனக்குத் தொப்பி போடப் பாத்தான்."

நெட்டை கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுத்தான்.

"அப்புறம் மேல பாக்கத் தலையத் திருப்பினான். கை இப்படிக் கழுத்துக்குப் போச்சு. அவ்வளவுதான். சும்மா நின்னுட்டான். தரையில நிக்கிற மாதிரியே."

"கழுத்துக்கா போச்சு?"

நெட்டை அவளைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

"மாஸ்க்க சரி பண்ணியிருப்பான்."

தெருவில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது உதையில் அது கிளம்பியது.

"உங்க சூட்டு மேல ஒரு குத்தமும் இல்லக்கா. ஆஸ்பத்திரியில கத்தரிச்சு எடுக்கும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன். உள் உடுப்பு இஸ்திரி போட்ட மாதிரி இருந்துச்சு. ஒரு சொட்டு இல்ல. டாக்டரும் நெஞ்சு நின்னுடுச்சுன்னுதானே சொன்னாரு."

"ம்."

உள் உடுப்பு அவளிடம்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை அங்கேயே, நடையில் உட்கார்ந்து பிரித்தாள். கழுத்து, மார்பு, முதுகு, காலுறை வரை கையை விட்டுத் தடவினாள். எங்கேயாவது ஈரம் இருக்காதா என்று தேடினாள். இருபது வருடத் தொழிலில் ஓர் உடை நனைந்திருக்க வேண்டும் என்று அவள் விரும்பியது அதுதான் முதல் தடவை. உடுப்பு காய்ந்து கிடந்தது. அவனுடைய வியர்வை வாசனை மட்டும் இருந்தது.

உள்ளறையிலிருந்து தம்பி மனைவி வந்தாள். இரவு முழுக்கப் போனில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் கம்மியிருந்தது. நெட்டை நகர்ந்து வாசலுக்குப் போனான். தம்பி மனைவி கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து கணவனின் பாதத்தைத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டாள். மறுபடி தொட்டாள்.

"எல்லாரும் குளிருல வெறைச்சுட்டாரான்னு கேக்கறாங்க அண்ணி."

"ம்."

"இல்லன்னு சொன்னேன். அவங்க அக்கா நல்ல சூட் குடுத்திருந்தாங்க, கடைசி வரைக்கும் கதகதப்பாத்தான் இருந்தாருன்னு சொன்னேன்." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "அதாவது எனக்கு இருக்கே. அந்தப் பழசப் போட்டிருந்தா, நடுங்கியே போயிருப்பாருன்னு நெனச்சு நெனச்சே நான் செத்திருப்பேன்."

அக்கா தம்பியின் சட்டைக் கையை நீவினாள். அதில் சுருக்கம் இல்லை. இருந்தும் நீவினாள்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் வண்டி வந்துவிடும். தூக்குவார்கள். கோடு காலருக்குள்ளேயே போய்விடும். தம்பி மனைவி எல்லோரிடமும் கதகதப்பு என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வருடக்கணக்காகச் சொல்வாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

தம்பி மனைவி கணவனின் முகத்தைப் பார்த்தாள். பார்வை கீழே இறங்கி நின்றது.

"மேல் பட்டன ஏன் போட்டீங்க?"

அக்காவின் கை காலருக்குப் போனது.

"கல்யாணத்தன்னிக்கே போட மாட்டேன்னுட்டாரு. போட்டோகிராபர் கெஞ்சினாரு. எவனோ கழுத்தப் புடிக்கிற மாதிரி இருக்குன்னு..." சிரிப்பு மாதிரி ஒன்று வந்து நின்றது. "கழட்டி விடுங்க அண்ணி. மூச்சு முட்டற மாதிரி இருக்கு பாக்க."

"இருக்கட்டுமே."

"வேணாம். கழட்டுங்க."

வாசலில் நெட்டை திரும்பிப் பார்த்தான். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான்.

அக்கா குனிந்தாள். பொத்தான் துளை இறுக்கமாக இருந்தது. அவன் ஒரு தடவையும் போடாத பொத்தான். நகத்தால் தள்ள வேண்டியிருந்தது. கழன்றதும் காலரின் இரு பக்கமும் மெல்ல விரிந்தன.

தம்பி மனைவி பார்த்தாள். கிட்டே குனிந்து பார்த்தாள்.

"என்ன இது, அழுக்கா?"

ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, கோட்டின் ஒரு முனையில் வைத்துத் தேய்த்தாள். மறுபடி நாக்கில் தொட்டாள். காலர் மடிந்து அவள் விரலை மறைத்தது.

அக்கா அதை விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.