ஒரு பிடி மரத்தூள்

ஆய்வகத்து எலிகளைப் பதினாறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே எல்லோருக்கும் நான் எலியக்கா.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, நான் ஒல்லி என்று கூப்பிடுகிறவள். அவளுக்கு இந்தச் சோதனைதான் கடைசி வாய்ப்பு. இருபது கூண்டுச் சுண்டெலிகளில் பாதிக்குக் குடலில் புழுவை ஏற்றியிருந்தாள், மீதி சுத்தமானவை. எல்லாவற்றுக்கும் ஒரே தடுப்பூசி போட்டுவிட்டு, பிறகு நிமோனியாக் கிருமியைக் கொடுத்தாள். புழு உடம்பின் எதிர்ப்பு சக்தியை அமுக்கிவிடும், ஊசி பலிக்காமல் புழு எலிகள் சாகும், சுத்த எலிகள் பிழைக்கும் என்பது அவள் கணக்கு.

ஐந்தே நாளில் இரண்டு பக்கமும் செத்துக் கிடந்தன.

"ஊசியே ஒழுங்கா போடத் தெரியல. மூணு வருஷம் தண்டம். நாளைலேர்ந்து வராத" என்று பேராசிரியர் காட்டுக் கத்தலாகக் கத்தினார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஊசியில் குற்றமே இல்லை.

கூண்டு மாற்றும்போது பழைய மரத்தூளில் ஒரு பிடியைப் புதுக் கூண்டில் போடுவேன். பழகிய வாடை இருந்தால் எலிகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாது. அந்தந்தக் கூண்டின் தூள் அந்தந்தக் கூண்டுக்குத்தான். ஊசிக்கு மூன்று வாரம் முன்பு, ஏதோ யோசனையில் எல்லாத் தூளையும் ஒரே தொட்டியில் கொட்டித் தொலைத்தேன். சண்டை போட்டுச் சாகுமே என்று பாவம் பார்த்து, அதிலிருந்தே எல்லாக் கூண்டுக்கும் ஒரு பிடி போட்டேன். புழு எலிகளின் எச்சத்தோடு வெளியே வரும் புழுக்குஞ்சுகள் இருப்பது அந்தத் தூளில்தான். பாவமாம், பாவம்!

ஒல்லி அழுத கண்ணோடு வந்தாள்.

"அக்கா, சுத்த எலி ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க. வயித்தத் திறந்து பாக்கணும். புழு இருந்தா செவப்பா சுருண்டு கிடக்கும், கண்ணுக்கே தெரியும். இருந்துட்டா என்மேல தப்பில்ல."

வீட்டில் கணவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். இந்த வேலையை விட்டால் எங்களுக்கு நாதியில்லை.

"காலையிலயே எரிச்சுட்டேனேம்மா."

அப்படியே நம்பினாள். "விடுங்கக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது.

அவள் போனதும் உறைபெட்டியிலிருந்து, செத்த சுத்த எலிகளைக் கட்டிவைத்திருந்த கறுப்புப் பையை எடுத்தேன். எரியுலைக்குப் போகும் வழியில், தன் சாமான்களோடு கிளம்பியவள் எதிரே வந்துவிட்டாள்.

"என்னக்கா அது?"

"பழைய தூள்."

"இருங்க, நான் திறக்கறேன். கைய சுட்டுக்கப் போறீங்க."

உலைக் கதவை அவளே திறந்து பிடித்துக்கொண்டாள். நான் பையை உள்ளே போட்டேன்.