கொஞ்சம் தள்ளி வைங்க

செவ்வோடையில் யாருக்கு யார் சொந்தம் என்பதை, ஊருக்குள் சாலை பிரியும் விலக்கில் கட்டுகிற ஃபிளெக்ஸ்தான் தீர்மானிக்கும். இரண்டு படங்களுக்கு நடுவே நாலு விரற்கடைக்குள் இடைவெளி இருந்தால் சொந்தம். அதற்கு மேல் போனால் அசலார். ஆணும் பெண்ணும் ஒரே அளவில் பக்கத்தில் நின்றால் கணவன் மனைவி. பெரிய படம் மூத்தவர், சிறிய படம் இளையவர். அடுத்த ஃபிளெக்ஸ் கட்டும்வரை இதுதான் நடைமுறை. வெளியூர் போய்த் திரும்புகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் விலக்கில் கட்டியிருப்பதை அண்ணாந்து பார்ப்பார்கள். வீட்டில் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஊருக்குள் நடப்பார்கள்.

ஃபிளெக்ஸ் வடிவமைப்பவர் கோமதிநாயகம். டீக்கடைக்கு மேல் மாடியில் அவர் கடை. யாரிடமும் போய்த் தொழில் படித்தவரில்லை. பழைய பேப்பர் கடையில் கிடைத்த, அட்டை போன ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகப் பழகியவர். அவர் கடையில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. "கொஞ்சம் தள்ளி வைங்க" என்று யாரும் சொல்லக் கூடாது. முன்பு ஒருவர் மகளுக்கும் மருமகனுக்கும் கல்யாண நாள் ஃபிளெக்ஸ் போட வந்தார். பூச்சாடி மருமகனின் தோளில் ஏறுகிறது, பெண்ணைக் கொஞ்சம் தள்ளி வைங்க என்றார். கோமதிநாயகம் வைத்தார். மறுநாள் அந்தப் பெண் பெட்டியோடு அப்பா வீட்டு வாசலில் நின்றாள். தள்ளி வைத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். அதிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் "நகர்த்துங்க" என்றுதான் சொல்கிறார்கள். நகர்த்தினால் அவ்வளவு தூரம் போவதில்லை.

புத்தகத்தில் இருந்ததெல்லாம் உண்மை என்பதை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும் பெரிதாகப் போட்டால் எதுவுமே பெரிதாக இருக்காது என்று அதில் எழுதியிருந்தது. மேலத் தெருவில் ஒரு குடும்பம் கேட்காமல், அத்தனை பேர் படத்தையும் ஒரே பெரிய அளவில் போடச் சொன்னது. அந்த வீட்டில் எல்லாரும் மூத்தவர்களாகிவிட்டார்கள். யார் எழுந்து கதவைத் திறப்பது என்று தெரியாமல் விருந்தாளிகள் வாசலிலேயே நின்றார்கள். வெள்ளையின் மேல் மஞ்சளில் எழுதினால் படிக்க முடியாது என்றும் இருந்தது. ஒருவர் தன் பெயரை மஞ்சளில்தான் போட வேண்டும், அதுதான் மங்கலம் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் மனைவி இன்றும் அவரைக் கூப்பிட வாயைத் திறப்பாள், பெயர் வராது, வாயை மூடிக்கொள்வாள்.

ஆனால் காலி இடத்தைப் பற்றிய பாடத்தை மட்டும் அவரால் செய்து பார்க்க முடியவில்லை. படத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் சும்மா இருக்கட்டும், அப்போதுதான் கண் மூச்சு விடும் என்று புத்தகம் சொன்னது. எந்த வாடிக்கையாளரும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. காசு கொடுத்து அடிக்கிற ஃபிளெக்ஸில் ஒரு சாண் சும்மா கிடந்தாலும் அவர்களுக்குத் தாங்காது. ஒரு மயிலாவது, ஒரு குத்துவிளக்காவது, ஒரு கறிக்கடை விளம்பரமாவது வந்து உட்கார்ந்துவிடும்.

தன்னுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குத் தானே ஒன்று அடிப்பது என்று முடிவு செய்தபோது, இந்தத் தடவை யார் சொல்லையும் கேட்பதில்லை என்று இருந்தார். அவருக்கும் உலகம்மாளுக்கும் பிள்ளை இல்லை. அதனால் படம் இரண்டே இரண்டு. இடது பக்கம் அவர், வலது பக்கம் உலகம்மாள், மேலே ஒரு வரி. நடுவில் வெளிர் சந்தன நிறம், வேறொன்றும் இல்லை. பழக்கதோஷத்தில், கைகூப்பி 'வருக வருக' என்று நிற்கும் பட்டுப்புடவைப் பெண்ணை மட்டும் தன் படத்தின் வெளி ஓரத்தில் சிறிதாகச் சேர்த்தார். அவள் இல்லாத ஃபிளெக்ஸ் அந்த ஊரில் கிடையாது. எல்லாக் குடும்பத்தோடும் ஒட்டி நிற்பதால் எந்த அளவில் போட்டாலும் அவள் ஊருக்கே அத்தை.

உலகம்மாள் திரையைப் பார்த்தாள். "என்னங்க இது, யாருமே வராத கல்யாணம் மாதிரி இருக்கு?"

"அது மூச்சு விடுற இடம்."

"நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு அவ்வளவு மூச்சு?"

அவளுடைய தம்பி சங்கிலி பின்னாலேயே நின்றான். எந்த விசேஷத்திலும் தன் படம் சின்னதாகவே வருகிறது என்று அவனுக்கு நெடுநாள் குறை. "அத்தான், நடுவுல இம்புட்டு இடம் சும்மாதான கெடக்கு? என் போட்டோவ தூக்கிப் போட்டா என்ன, உங்க கம்ப்யூட்டர் வேண்டாம்னா சொல்லப் போகுது?"

"உன் போட்டோ போட்டா அப்புறம் அது காலி இடம் இல்லடே."

கோமதிநாயகம் திரையில் கையை வைத்து அளந்தார். மூன்று விரற்கடைதான் இருந்தது. அச்சுக்கு அனுப்பினார். ஊரார் படங்களையெல்லாம் நெருக்கி நெருக்கியே வைத்துப் பழகிய கைக்கு, திரையில் மூன்று விரற்கடை பத்தடி ஃபிளெக்ஸில் எவ்வளவு ஆகும் என்பது தோன்றவில்லை.

காலையில் ஃபிளெக்ஸைக் கட்டிவிட்டுக் கீழே நின்று பார்த்தார். நடுவில் மூன்றடி அகலத்துக்கு வெறுமை இருந்தது. உண்மையிலேயே கண் மூச்சு விட்டது. வாழ்நாளில் அவர் செய்ததிலேயே நல்ல ஃபிளெக்ஸ் அதுதான். திருப்தியோடு வீட்டுக்குப் போனார்.

உலகம்மாள் கதவைப் பாதி திறந்தாள். "யாருண்ணே வேணும்?"

"நான்தான்."

"நான்தான்னா எப்படிண்ணே? பேரைச் சொல்லுங்க."

அவர் பெயரைச் சொன்னார். ஃபிளெக்ஸ் கடைக்காரரா, கடை விலக்கில் அல்லவா இருக்கிறது, வழி மாறி வந்துவிட்டீர்களா என்று அவள் அக்கறையாக விசாரித்தாள். வெயிலில் நடந்து வந்தவரை வெறுமனே அனுப்பக் கூடாது என்று காப்பி போட்டாள். அடுப்படியிலிருந்து, "சீனி எவ்வளவுண்ணே போடட்டும்?" என்று கேட்டாள்.

அவருக்கு எவ்வளவு சீனி என்று அவருக்கே தெரியவில்லை. இத்தனை வருஷமும் அதை அவள்தான் வைத்திருந்தாள்.

காப்பியைக் குடித்துவிட்டுக் கடைக்குத் திரும்பினார். கைகூப்பிய அத்தை படியேறி வந்து அங்கே உட்கார்ந்திருந்தாள். ஃபிளெக்ஸில் அவரை ஒட்டி இருந்தவள் அவள் ஒருத்திதான். மத்தியானம் அவர் இட்லி வாங்கி வந்து பிட்டு ஊட்டினார். கூப்பிய கைகளை அவளால் பிரிக்க முடியாது.

"அத்தை, நான் இப்ப என்ன செய்யட்டும்?"

"வருக வருக," என்றாள் அத்தை.

புது ஃபிளெக்ஸ் அடிக்க வழி இல்லை. அசலார் இருவரைச் சேர்த்து அடிப்பது ஊரில் குற்றம். கட்டிய ஃபிளெக்ஸின் மேல் ஸ்டிக்கர் ஒட்டலாம், அது பிழைதிருத்தம். தன் படத்தையே இன்னொன்று எடுத்து உலகம்மாள் பக்கத்தில் ஒட்டிவிடலாமா என்று யோசித்தார். ஒரே ஃபிளெக்ஸில் இரண்டு முறை வந்த ரோடு கான்ட்ராக்டர் இன்னும் இரண்டு பேராகத்தான் இருக்கிறார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு கோமதிநாயகத்தில் உலகம்மாளோடு இருக்கப்போவது எவன் என்று இவருக்கு நிச்சயமில்லை. நடுவில் மயிலை வைத்தால் மூவரும் என்ன முறை ஆவார்கள் என்று கணக்குப் போட்டார். ஒரு வழியில் உலகம்மாள் சித்தியாக வந்தாள். இன்னொரு வழியில் அவரே மயிலுக்கு மருமகனாகிவிட்டார். மயிலை விட்டுவிட்டார்.

எதிரே அத்தை கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். எத்தனை இடத்தில் எத்தனை தடவை போட்டாலும் அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை, அது அவளுக்குப் பழக்கம். அவளைப் பெரிதாக்கி அந்த மூன்றடியில் நிறுத்தினால் ஒரு பக்கம் அவரைத் தொடுவாள், மறுபக்கம் உலகம்மாளைத் தொடுவாள். அவருக்கு அவள் முன்பே ஒட்டி நின்ற அத்தை; உலகம்மாளை இப்போதுதான் புதிதாகத் தொடுகிறாள், அங்கே அளவுதான் கணக்கு. அவளைவிட உலகம்மாள் படம் சிறியது. அப்படியானால் உலகம்மாள் அவளுக்கு மகள்.

அத்தை மகள். முறைப்பெண்.

உலகம்மாளின் படத்துக்குப் பக்கத்தில் எதை ஒட்டவும் அவள் வீட்டு ஆள் சம்மதிக்க வேண்டும். சங்கிலியைத் தேடிப் போனார். அவன் வொர்க்‌ஷாப்பில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

"சார், எங்க அக்கா போட்டோ உங்ககிட்ட எப்படி வந்துச்சு? நல்ல மனுஷன்னு நெனச்சேன்."

"சங்கிலி, நான் உன் அத்தான்டே."

"விலக்குல போய்ப் பாத்துட்டுப் பேசுங்க சார். உங்க ரெண்டு பேர் படத்துக்கும் நடுவுல லாரியே போகும்."

கோமதிநாயகம் ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னார். சங்கிலி காற்றை நிறுத்திவிட்டு யோசித்தான். "சரி, அத்தையை ஒட்டிக்கிடுங்க. ஆனா அக்காவுக்கு மேல என் போட்டோவையும் ஒட்டணும். பெருசா."

"எவ்வளவு பெருசா?"

"அக்காவைவிட."

"அதுக்குமேல அந்த ஃபிளெக்ஸ்ல ஒரு விரல் வைக்க இடம் இருக்காதே."

"சார், உங்களுக்கு இடம் வேணுமா, எங்க அக்கா வேணுமா?"

கோமதிநாயகம் கடைக்குப் போய் இரண்டு ஸ்டிக்கரையும் அச்சடித்து எடுத்து வந்தார். ஏணியில் ஏறியவர் சந்தன நிறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு பசைத்தாளை உரித்து, மேலிருந்து கீழாக, குமிழி விழாமல் உள்ளங்கையால் தேய்த்து அத்தையை ஒட்டினார். அவளுக்கும் இரண்டு பக்கத்துப் படங்களுக்கும் நடுவே ஒரு விரல் போகவில்லை. சங்கிலியை ஒட்டியபோது அவன் முழங்கை மேலே இருந்த வரியில் பாதியை மறைத்தது. பார்க்கச் சகிக்கவில்லை. கீழே நின்ற டீக்கடைக்காரர், "இப்பதான் அண்ணாச்சி ஃபிளெக்ஸ் மாதிரி இருக்கு," என்றார்.

வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். உலகம்மாள் முழுதாகத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தலையைக் குனிந்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணே, அத்தான் வந்திருக்காக."

சங்கிலி உள்ளேயிருந்து வந்தான். மீசை லேசாக நரைத்திருந்தது. "வாங்க மாப்ளே. தங்கச்சி உங்க முறைதான். உங்க அத்தை ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிச்சிடலாம்."

அத்தை பின்னால் வந்து நின்றாள். கூப்பிய கையைவிடப் பெரிய சம்மதம் வேண்டியதில்லை என்று சங்கிலி சொன்னான். சாயங்காலமே பிள்ளையார் கோயிலில் மாலை மாற்றினார்கள். கல்யாண ஃபிளெக்ஸில் மயில், விளக்கு, சங்கிலி, கறிக்கடை எல்லாம் இருந்தன. மாப்பிள்ளையும் பெண்ணும் தோளோடு தோள் ஒட்டி, ஒரே அளவில், மூச்சு முட்ட நின்றார்கள். பழையதைக் கழற்றிச் சுருட்டிக் கோயில் சுவரில் சாய்த்துவிட்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுப்படியில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. இப்போது கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. காப்பியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார். சீனி சரியாக இருந்தது.

அப்போது வாசலில் அது வந்து நின்றது. நாலடி உயரம், மூன்றடி அகலம், வெளிர் சந்தன நிறம். ஃபிளெக்ஸில் இருவருக்கும் நடுவில், இருவரையும் ஒட்டி, இருவர் படத்தையும்விடச் சிறியதாக இருந்தது அந்தக் காலி இடம் ஒன்றுதான். இருந்த இடத்தை நிரப்பிவிட்டார்கள், கழற்றியும் விட்டார்கள். தெருப்புழுதியில் நடந்து வந்ததில் அதன் கீழ் ஓரம் அழுக்காகியிருந்தது. செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றது.

உலகம்மாள் அதைப் பார்த்தாள். முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து அதன் ஓரத்தைத் துடைத்தாள். அவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். அது வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தது.

அவள் மறுபடி அடுப்படிக்குப் போய், சின்ன டம்ளரில் பாலை ஆற்றி எடுத்து வந்தாள்.

"சூடா இருக்கு," என்றாள். "ஊதிக் குடி."