எடுக்க வேண்டாம்

வைகைக்கு வடக்கே பிறந்தவர்களில் உண்மையைக் கண்டு பயப்படாதவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். பேய்க்குப் பயப்படாதவர்கள் எங்கள் ஊரில் உண்டு. போலீசுக்குப் பயப்படாதவர்கள்கூட இரண்டு பேர் உண்டு, அதில் ஒருவர் இப்போது உள்ளே இருக்கிறார். ஆனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அச்சடித்து வரும் ஓர் எண்ணை நேருக்கு நேர் பார்க்கிற தைரியம் என்னைத் தவிர ஒருவருக்கும் இல்லை. ஒன்பது மாதம் ஊர் ஊராகப் போய் இதை நிரூபித்திருக்கிறேன்.

என் பெயர் மருது. விலங்கியல் முடித்துவிட்டு, மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும் வரை என்று தல்லாகுளத்தில் ஒரு மாடியில் நடந்துவந்த சிறுநீரக ஆய்வில் களப்பணியாளனாகச் சேர்ந்தேன். தலைமை டாக்டர் ரோகிணி. ஆய்வின் கேள்வி எளிமையானது. சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, வீட்டில் முன்னோர் யாருக்கும் இந்த நோய் இல்லை. அப்படியிருந்தும் வெயிலில் குனிந்து வேலை செய்கிறவர்களின் கிட்னி ஏன் சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறது? வெயிலா, தண்ணீரா, பூச்சிமருந்தா, வலி மாத்திரையா? விடை தெரிய நூற்றுக்கணக்கான பேரின் ரத்தம் வேண்டும். மேலூர் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள ஊர்களில் முகாம் போட்டோம். செல்வக்குமார் அண்ணன் ஊசி குத்துவார், நான் கேள்வி கேட்பேன். மொத்தம் அறுபத்து நாலு கேள்வி.

முடிவைச் சொல்வதற்கு ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. அதை வடிவமைத்தவன் நான். ரத்தம் சரியாக இருந்தால் ஒரு வாரத்தில் தபாலில் சீட்டு போய்விடும். கோளாறு இருந்தால் ஆய்வு அலுவலகத்தின் போனிலிருந்து நானே கூப்பிடுவேன். மாத்திரையை நிறுத்து, டாக்டரைப் பார், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை ரத்தம் கொடு என்று சொல்வேன். எடுக்காவிட்டால் மணிக்கு ஒன்றாக மூன்று முறை முயற்சி. கெட்ட சேதியைக் காகிதத்தில் சொல்லக் கூடாது, மனிதக் குரலில்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் நான் பேசியபோது டாக்டர் ரோகிணி தலையாட்டினார். என் குரல் அவ்வளவு இதமானது.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை ஜனங்கள் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். தபால் வந்தால் பிழைத்தோம், போன் வந்தால் போச்சு. அதற்குப் பிறகு யாரும் போனை எடுக்கவில்லை.

தை மாசம் எங்கள் ஊரிலேயே முகாம் போட்டோம். ஒத்தக்கடையிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர். தங்கப்பொண்ணு சின்னம்மாவுக்கு, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்று புள்ளி நாலு வந்தது. பெண்களுக்கு ஒன்றுக்கு மேலே போனாலே விசாரிக்க வேண்டும். வயது நாற்பத்தொன்று. என் அம்மா ராமக்காள் நடத்துகிற கொத்தில், அதாவது கூலிப் பெண்கள் குழுவில், இருபது வருஷமாகக் களையெடுக்கிறவர். ஆறு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஏழாவது அழைப்பை நேரில் போய்ச் செய்வது என்று கிளம்பினேன்.

கடலைக் காட்டில் பதினோரு பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து உட்கார்ந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். மணி பன்னிரண்டு. வரப்பில் நாலு தண்ணீர் பாட்டில், நாலும் மூடி திறக்காமல் இருந்தன. நான் சின்னம்மாவுக்குப் பின்னால் நின்று எண்ணை அழுத்தினேன். அவருடைய இடுப்புப் பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி வைத்தார். திரையில் பெயர் தெளிவாகத் தெரிந்தது: எடுக்க வேண்டாம்.

"யாரு சின்னம்மா அது, எடுக்க வேண்டாம்?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். வெட்கப்படவில்லை. "நீதேன்டா. எம்மக பதிஞ்சு குடுத்தா. எனக்கு மட்டுமில்ல, உங்காத்தாவத் தவிர இந்தக் கொத்துல அம்புட்டுப் பேத்துக்கும் பதிஞ்சு குடுத்திருக்கா."

"கொஞ்சம் தள்ளி வாங்க, பேசணும்."

"நிரைய விட்டுட்டு எப்புடி வாரது? உங்காத்தா திட்டும்."

அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னது: "ஒருத்தி எந்திரிச்சா ஒம்போது பேரு எந்திரிப்பாக. வேலை முடியட்டும், பேசிக்க."

ஒருவருடைய முடிவை அடுத்தவர் முன்னால் சொல்லக் கூடாது என்பது ஆய்வின் விதி. ஆனால் கிண்டல் செய்யக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. "போனை எடுக்காட்டி கிட்னி சரியாயிருமா? நல்ல வைத்தியமா இருக்கே. அப்ப கரண்டு பில்லையும் பிரிச்சுப் பாக்காதீக, கட்ட வேண்டியதில்ல. பரிச்ச ரிசல்ட்டைப் பாக்காட்டி உங்க மகளும் பாஸு."

கொத்து முழுவதும் சிரித்தது. சின்னம்மாவும் சிரித்தார்.

"ஒரு சொம்புத் தண்ணியாவது குடிக்கலாம்ல? அந்த பாட்டில் எதுக்கு, கடலைக்குக் காவலா?"

"குடிச்சா ஒதுங்கணும். இந்தப் பொட்டக் காட்டுல எங்கன ஒதுங்க? ஒன் பின்னாலயா?" மறுபடியும் சிரிப்பு. அது அடங்கியதும் களைக்கொத்தை மண்ணில் குத்திக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "போனை எடுத்தா எனக்கு வியாதி மருது. எடுக்கலேன்னா எனக்குக் கால் வலி. கால் வலியோட நான் நாளைக்கும் வேலைக்கு வருவேன்."

சாயங்காலம் வரப்பில் காத்திருந்தேன். அவர் மறு பக்கமாக வீட்டுக்குப் போயிருந்தார். அலுவலகப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'தொடர்பில் இல்லை' என்று எழுதினேன். அன்றிரவு கல்லூரி நண்பர்களின் குழுவில் 'எடுக்க வேண்டாம் வைத்தியம்' என்று ஒரு பத்தி எழுதிப் போட்டேன். நாற்பது பேர் சிரித்தார்கள். சிரித்த அடையாளங்களை மட்டும் எண்ணினேன். வேறு எதையும் எண்ணத் தோன்றவில்லை.

சித்திரையில் கத்தரிக்காய் பறிக்கும்போது சின்னம்மா செடியைப் பிடித்தபடியே சாய்ந்தார். முகமும் காலும் ஏற்கெனவே வீங்கியிருந்தன. வெயிலில் ஊதியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். பெரியாஸ்பத்திரியில் நாலு முறை ரத்தத்தைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். பதினோராம் நாள் இறந்தார். 'தொடர்பில் இல்லை' என்பதை அடித்துவிட்டு இறப்புக்கு உரிய குறியீட்டு எண்ணை எழுதினேன். அதற்கும் படிவத்தில் இடம் இருந்தது.

டாக்டர் ரோகிணி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "ஏழு தடவை கூப்பிட்டிருக்க. நம்ம ஏற்பாட்டுல ஏதாவது கோளாறு இருக்கா மருது?"

"ஏற்பாட்டுல இல்ல மேடம். ஜனங்ககிட்டதான்" என்றேன்.

சின்னம்மாவின் கருமாதி முடிந்த வாரம், அதுவரை ரத்தம் கொடுக்காதவர்கள் எல்லாம் தாங்களாகவே வந்து கேட்டார்கள். ஆனி பிறந்ததும் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது முகாம். தையில் முதுகைக் காட்டிவிட்டுப் போன என் அம்மாவை வரிசையின் முன்னால் நிறுத்தினேன். "பாத்துக்கிருங்க, எங்காத்தாவே குடுக்குது. இதுல பயப்பட என்ன இருக்கு? நம்பர் நம்பர்தேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

சொந்தக் குடும்பத்தாரை நானே விசாரிக்கக் கூடாது. செல்வக்குமார் அண்ணன்தான் படிவத்தை எடுத்தார். நான் பக்கத்து மேசையில் சீசாக்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"வேலைக்குப் போற அன்னைக்கு எத்தனை தடவை தண்ணி குடிப்பீங்கம்மா?"

"போகும்போது ஒருவாட்டி. வந்து ஒருவாட்டி."

"நடுவுல?"

"நானே எந்திரிச்சா மத்தவளுக நிரை பிடிப்பாளுகளா?"

"உடம்பு வலிக்கு மாத்திரை போடுறதுண்டா?"

"செட்டு மாத்திரைதேன். மூணு கலர்ல ஒரு பொட்டலமாத் தருவாகள்ல. சாயந்தரம் ஒன்னு. நடவு நாள்ல ரெண்டு. அதப் போடாட்டி மறுநா எந்திரிக்க முடியாது."

"எத்தனை வருஷமா?"

"அது கெடக்குது பத்துப் பன்னெண்டு வருசமா."

"யார் வாங்கித் தருவாங்க?"

அம்மா என் பக்கம் கையைக் காட்டியது. முகத்தில் பெருமை. "இவந்தேன். ஒம்பதாப்புப் படிக்கையில இருந்து ஒத்தக்கடையில பஸ் எறங்குனா எனக்கு மாத்திரை வாங்காம வர மாட்டான். ஒருநா மறந்ததில்ல. அம்புட்டு அக்கறை."

செல்வக்குமார் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. 'மகன் / மகள்' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவர் நல்ல மனிதர். நான் ஒரே சீசாவில் இரண்டு பெயர்களை ஒட்டியிருந்தேன்.

எட்டாம் வகுப்பிலேயே சிறுநீரகத்தின் படம் வரைந்து பாகம் குறித்தவன் நான். கல்லூரியில் முயலைப் பற்றிய பாடத்தில் அதே சிறுநீரகத்துக்கு முழு மதிப்பெண் வாங்கியவன். அந்த ஒன்பது மாதத்தில் குறைந்தது இருநூறு பேரிடம் செட்டு மாத்திரை கிட்னிக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, ஒத்தக்கடையில் பஸ் இறங்கி, அதே பொட்டலத்தை வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். இதில் எனக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. அது ஆய்வு, இது அம்மா.

ஒரு வாரம் போனது. தபால்காரர் வந்தார். முத்துத்தாய்க்குச் சீட்டு, கனகாவுக்குச் சீட்டு, கொத்தில் ஒன்பது பேருக்குச் சீட்டு. பெண்கள் அதை அம்மாவிடம் கொண்டுவந்து காட்டினார்கள்.

"எனக்கு வரலையேடா" என்றது அம்மா.

"தபால் லேட்டாகும்மா. எழுத்து வரிசைப்படி அனுப்புவாக. நீ 'ரா'வுல இருக்க."

எல்லோருக்கும் ஒரே நாளில் வந்த சீட்டில் என்ன எழுத்து வரிசை என்று அம்மா கேட்கவில்லை. அதற்கு எழுத்து வரிசை தெரியாது. தெரிந்தும் கேட்காமல் விட்டதா என்பதை நான் விசாரிக்கவில்லை.

கூப்பிட வேண்டியவர்களின் பட்டியல் செவ்வாய்க்கிழமைதோறும் என் மேசைக்கு வரும். செவ்வாய்க்கிழமை எனக்கு வயிற்றுவலி வந்தது. ஒன்பது மாதத்தில் முதல் விடுப்பு. என் போனைக் காலையிலேயே அணைத்து வைத்தேன். வயிற்றுவலிக்கு அது நல்லது.

கால்வாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள், நடவு தொடங்கியிருந்தது. நடவு நாளில் சேறு படும் என்று அம்மா தன் போனை டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும். நான் கட்டிலில் படுத்துக் கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு அது அடித்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். பெயர் இல்லை, வெறும் எண். ஒன்பது மாதம் நான் பிடித்துப் பேசிய போனின் எண். கடைசி நாலு இலக்கம் தூக்கத்தில்கூட வரும். கையை நீட்டினேன். செல்வக்குமார் அண்ணனின் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். என் குரல் அளவுக்கு இதமாக இருக்காது. நின்றுவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் அடித்தது. இந்த முறை எழவில்லை. மூன்று புள்ளி நாலாக இருக்காது, அதுவரைக்கும் போயிருந்தால் கால் வீங்கியிருக்கும். நேற்று அம்மாவின் கால் வீங்கியிருந்ததா? சேறாக இருந்தது, தெரியவில்லை. ஒன்று புள்ளி எட்டாக இருக்கலாம். ஒன்று புள்ளி எட்டு என்றால் மாத்திரையை நிறுத்தி, தண்ணீர் குடித்து, வெயிலைக் குறைத்தால் வருஷக் கணக்கில் தாங்கும். எடுத்தால் தெரிந்துவிடும். எடுத்தால் ஓர் எண் வரும். அந்த எண்ணுக்குள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான் வாங்கிய பொட்டலங்கள் எத்தனை என்பதும் இருக்கும்.

ஒரு மணிக்கு மூன்றாவது. ஏற்பாட்டில் ஒரு நிமிடம்கூடப் பிசகில்லை. அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

அம்மா நாலரை மணிக்கு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து கால்களை நீட்டியது. நான் கால்களைப் பார்க்காமல் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுத் தலையில் கொஞ்சம் தெளித்துக்கொண்டது.

"முழுசாக் குடிம்மா."

"என்னடா திடீர்னு? இன்னொரு செம்பு கொண்டாரவான்னு கேப்ப போலயே. மாத்திரை வாங்குனியா?"

"கடை பூட்டியிருக்கு."

"ஒத்தக்கடையில எம்புட்டுக் கடை இருக்கு, அம்புட்டுமா பூட்டிக் கெடக்கு?"

"வயித்து வலி. நான் எங்க போனேன்?"

அம்மா என் வயிற்றைப் பார்த்தது, பிறகு முகத்தைப் பார்த்தது. "போன் வந்துச்சா?"

"வந்துச்சு. லோன் வேணுமான்னு கேக்குற கம்பெனிக்காரன்."

"மூணுவாட்டி அடிச்சுச்சுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாக."

"விட மாட்டான் அவன்."

"சரி" என்றது அம்மா. மீதித் தண்ணீரை வாசல் செடியில் ஊற்றிவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, அடுப்படிக்குள் போனது. ஒரு கால் எடுத்து வைத்துக் கொஞ்சம் நின்று அடுத்த கால் எடுத்து வைத்தது. கால் வலி.

"நாளைக்குக் கருக்கல்லயே போறேன். பெரிய நடவு. மறக்காம வாங்கியா, ரெண்டு பொட்டலமா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் டிவிக்குப் பக்கத்திலிருந்து அம்மாவின் போனை எடுத்தேன். அந்த எண் மூன்று முறை வரிசையாக நின்றது, சிவப்பாக. அதைத் தொட்டேன். பெயர் கேட்டது. அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் நிற்கும் வரை காத்திருந்துவிட்டு, ஊர்ப் பெண்கள் எல்லோரும் வைத்திருக்கும் பெயரையே பதிந்தேன்.